குறிப்பை எதிலே வைப்போம்?

குறிப்பு எழுதுதல் எளிது. எழுதியதை வேண்டிய வேளையில் எடுத்தலே அரிது. நம் முன்னோர் வரவு செலவையும், பிள்ளைகளின் பிறந்த நட்சத்திரங்களையும், காணி உறுதிகளின் இலக்கங்களையும் ஒரே கொப்பியில் எழுதி அலுமாரியில் வைத்தனர். நமது குறிப்புகளோ கைத்தொலைபேசியிலும், கந்தோர்க் கணினியிலும், மருந்துச் சிட்டையின் பின்புறத்திலும் சிதறிக் கிடக்கின்றன.

இச்சிதறலை ஒழிக்கவென்றே செயலிகள் பல தோன்றியுள்ளன. 2003 இல் வெளிவந்த வன்நோட், 2008 இல் வந்த எவர்நோட், 2013 இல் வந்த கூகுள் கீப், 2020 இல் வந்த ஒப்சிடியன் என அவ்வரிசை நீளும். இவற்றுள் எதனைத் தெரிவது? சம்பந்தம் பேசுவோர் அழகை மாத்திரம் பாராது குணத்தையும் விசாரிப்பதுபோல, நாமும் சிலவற்றை விசாரித்தல் நன்று.

முதலாவது, இணையத் தொடர்பு அற்ற இடத்திலும் குறிப்புத் திறக்குமா? இரண்டாவது, தமிழில் எழுதியதைத் தேடித் தருமா? 'மருந்து' என்று தேடினால் 'மருந்தை' என்று எழுதியது அகப்படாமற் போதல் உண்டு. 'மருந்த' என்ற அளவில் நிறுத்தித் தேடினால் பெரும்பாலும் இரண்டும் கிடைக்கும். மூன்றாவது, விலக நேரின் நம் குறிப்புகளை எடுத்துக்கொண்டு வெளியேற வழி உண்டா? வண்டர்லிஸ்ட் என்னும் வேலைப்பட்டியற் செயலி 2020 மே மாதத்தில் மூடப்பட்டது. எவர்நோட், 2023 டிசெம்பரில், இலவசப் பாவனையை 50 குறிப்புகளுக்கும் ஒரேயொரு கொப்பிக்குமாகச் சுருக்கியது. இரவல் வீட்டில் குடியிருப்போர் வாசற்கதவை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

எமது இல்லத்தில் இக்கேள்விகளை எழுப்பியவர் அம்மா. நீரிழிவு நோயாளியான அவரைச் சகோதரர் மூவரும் மாறிமாறிக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்கிறோம். வைத்தியர் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தது கூடச் சென்றவர் ஒருவருக்கே தெரியுமாயின், மற்ற இருவரும் பழைய அளவையே கொடுத்துவிடக்கூடும். ஆதலின் மூவரும் பார்க்கவும் திருத்தவும் கூடியதாக, மருந்துப் பட்டியலைக் கூகுள் கீப்பில் வைத்தோம். காணி, காப்புறுதி முதலிய நெடுங்காலக் குறிப்புகளுக்கு ஒப்சிடியனைத் தெரிந்தோம். அது நம் கணினியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாகச் சேமிப்பதால், செயலி மறைந்தாலும் எழுத்து மறையாது. கந்தோர் அலுவல்கள் கந்தோர்க் கணக்கிலுள்ள வன்நோட்டிலேயே இருக்கின்றன. உத்தியோகம் மாறும்போது அக்கணக்கு கைவிட்டுப் போகுமாதலால், வீட்டு விடயம் எதையும் அங்கே எழுதுவதில்லை. வங்கிக் கடவுச்சொற்களை இவை எவற்றிலும் எழுதுவதில்லை.

இத்தனைக்குப் பின்னரும், மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியுள்ளோம். அளவு மாறும்போதெல்லாம் திகதியிட்டுப் புதிதாக எழுதுகிறோம். அம்மாவுக்குச் செயலி பழக்கமில்லை. அவசரத்தில் ஓடிவரும் அயலவருக்கு எமது தொலைபேசியின் பூட்டுத் திறவாது. எந்தச் செயலியைத் தெரிந்தாலும், நாம் அருகில்லாத வேளையில் அதனை யார் திறப்பார் என்பதையும் வாசகர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக.