மேல் லயத்து வாத்துக் குஞ்சுகள்

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், புத்தளத்திலிருந்து வந்த மாமி ஒன்பது வாத்து முட்டைகளை உமிக்குள் புதைத்துக் கொண்டுவந்தார். ஹட்டனில் எங்களுக்கு வீடும் கடையும் ஒரே கூரையின் கீழ். முற்றமும் இல்லை, அடைக்கோழியும் இல்லை. எனவே உம்மும்மா, கடைக்குப் பின்னால் தேயிலை மலையேறிப் போனால் வரும் மேல் லயத்து அக்காவிடம் அவற்றை வாரத்துக்குக் கொடுத்தார். முட்டையும் தீனியும் எங்களுடையவை. கோழியும் பராமரிப்பும் அக்காவுடையவை. வளர்ந்ததும் பாதிக்குப் பாதி.

அக்கா கொழுந்து பறிப்பவர். தன் பங்கை விற்று மகனின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புக்குக் கட்டவேண்டும் என்று முதல் நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

கோழி முட்டை பொரிக்க 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். மூன்று வாரம் கடந்ததும் அடைக்கோழி பொறுமையிழந்து எழுந்து எழுந்து போனது. அக்கா வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அதைப் பிடித்து உட்காரவைத்து, கூட்டருகிலேயே தீனியும் தண்ணீரும் வைத்தார். ஆறு குஞ்சுகள் வந்தன. நான் தினமும் மலையேறிப் போய்ப் பார்த்தேன். பரீட்சைக்குப் படித்தபோதுகூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

இரண்டாம் வாரத்தில் ஒரு குஞ்சு நடக்காமல் உட்கார்ந்தே இருந்தது. எழுப்பிவிட்டால் இரண்டு அடி வைத்துக் குந்திவிடும். மறுநாள் மூன்று குஞ்சுகள் அப்படி. கால்கள் வில்லைப்போல வளைந்து, விரல்கள் உள்நோக்கித் திரும்பி, கணுக்கால் மூட்டு வீங்கியிருந்தது. பறவையின் காலில் பின்பக்கம் மடங்கும் மூட்டை நாம் முழங்கால் என்று நினைக்கிறோம். அது உண்மையில் கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது.

வாப்பாவிடம் சொன்னேன். "லயத்துல எடமெல்லாம் ஈரம். ஒழுங்கா கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றார். எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. தென்மேல் பருவமழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே உள்ள ஊர் எங்களுடையது. அந்தக் காலத்தில் தலையணையே ஈரமாக இருக்கும். அக்காவின் இஸ்தோப்பில் நின்றுகொண்டு, "ஈரத்தில் விட்டுத்தானே இப்படி ஆக்கினீங்க?" என்று அவர் முகத்துக்கு நேரேயே கேட்டுவிட்டேன்.

"பாப்பா, நெலம் ஈரந்தான். ஆனா தெனமும் சாக்கு மாத்துறேன். வெறகு அடுப்புல காயவச்சி மாத்துறேன்" என்றார். அவருடைய மகன் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிரவு ஒரு குஞ்சு இறந்தது.

மறுநாள் இன்னொன்றை பிஸ்கட் பெட்டியில் வைத்து அரச மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வாயெடுத்தபோது அவர் மூட்டை அழுத்திப் பார்த்தபடியே, "என்ன தீனி?" என்று கேட்டார். எங்கள் கடையில் நிறுத்து விற்கும் கோழிக்குஞ்சுத் தீனி என்றேன். "அதுதான்" என்றார்.

வாத்துக் குஞ்சின் எலும்பும் மூட்டும் நேராக வளர நியாசின் என்ற விற்றமின் வேண்டும். பி வகையைச் சேர்ந்தது. கோழிக்குஞ்சு தன் உணவிலுள்ள புரதத்திலிருந்து அதில் ஒரு பகுதியைத் தானே ஆக்கிக்கொள்ளும். வாத்துக் குஞ்சுக்கு அந்தத் திறமை குறைவு. அமெரிக்கத் தேசிய ஆய்வுக் கழகம் 1994இல் வெளியிட்ட அளவுகளின்படி, ஒரு கிலோ தீனியில் முட்டைக்கோழிக் குஞ்சுக்கு 27 மில்லிகிராம் நியாசின் போதும். வாத்துக்கு 55 வேண்டும். அக்கா எவ்வளவு சாக்கு மாற்றியிருந்தாலும் அந்தப் பாதி நிரம்பியிருக்காது. குறை எங்கள் மூட்டைக்குள் இருந்தது.

இதே தவறைப் பெரியவர்களும் செய்திருக்கிறார்கள். 1890களை ஒட்டி, அன்றைய டச்சு ஆட்சியின் பத்தாவியாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்ற மருத்துவரின் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தள்ளாடி விழுந்தன. அவர் கிருமியைத் தேடினார். பிறகுதான் தெரிந்தது: இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்ற நாட்களில் அவை நொடித்தன, புதிதாக வந்த சமையற்காரர் அந்தச் சோற்றைத் தர மறுத்து, தீட்டாத அரிசிக்கு மாறியதும் எழுந்து நடந்தன. அங்கே குறைந்தது பி1, நியாசின் அல்ல. ஆனாலும் தட்டைப் பார்க்காமல் வேறெங்கோ தேடியது ஒன்றுதான். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைத்தியர் நிக்கொட்டினமைட் மாத்திரை எழுதித் தந்தார். நான்கு லீற்றர் தண்ணீருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் கரைத்து, தினமும் புதிதாக வைக்கவேண்டும். வேறு தண்ணீர் வைக்கக்கூடாது. மதுவடிக்கும்போது மிஞ்சும் ஈஸ்ட்டைத் தீனியில் கலப்பதும் பல இடங்களில் வழக்கம் என்றார். வீட்டில் அதைச் சொன்னதும் உம்மும்மா முகத்தைச் சுளித்தார். மாத்திரை இருக்க அந்தப் பேச்செதற்கு? பாண் சுடும் ஈஸ்ட்டை அப்படியே போடக்கூடாது. அது வயிற்றுக்குள் பொங்கும். அவித்த பட்டாணியை மசித்துக் கொடுத்தோம். உப்பில்லாமல் அவித்த மீனும் கொடுத்தோம்.

ஈரம் குற்றமேயில்லை என்றும் சொல்லமாட்டேன். தாய் வாத்தின் இறகிலுள்ள எண்ணெய் பிள்ளைகள்மீது படும். கோழி பொரித்த குஞ்சுக்கு அது கிடைக்காது, நனைந்தால் விறைத்துப்போகும். வழுக்கும் பத்திரிகைத் தாளில் விட்டால் கால்கள் இருபுறமும் விரிந்துவிடும். சாக்குத்தான் நல்லது, அதை அக்கா யாரும் சொல்லாமலே செய்திருந்தார். மூக்குத் துவாரம் மூழ்கும் ஆழத்துக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் சிந்தியது தரையில் தேங்கக்கூடாது. அவருடைய மகன் ஒரு பழைய தட்டில் கூழாங்கல் பரப்பி அதன்மேல் தண்ணீர்ச் சட்டியை வைத்தான். எங்கள் கடைப் பையன் கோழியைப் பிடிப்பதுபோல் வாத்தைக் காலில் பிடித்துத் தூக்கக்கூடாது என்பதையும் அன்றுதான் கற்றேன். வாத்தின் கால் எளிதில் மூட்டு விலகும். இரண்டு கையாலும் உடம்பை அணைத்துத்தான் தூக்கவேண்டும்.

மாத்திரையை வாப்பாவே வாங்கித் தந்தார், ஆனால் மேல் லயத்துக்குப் போகவில்லை. நான் போனேன். "அக்கா, பிழை எங்கட தீனியில" என்றேன். அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "மருந்த எப்புடி கரைக்கிறதுன்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். நான் தயார்செய்து வைத்திருந்த மற்ற வார்த்தைகள் தொண்டையிலேயே நின்றுவிட்டன.

ஒரு வாரத்துக்குள் நான்கு குஞ்சுகள் எழுந்து நடந்தன. பிஸ்கட் பெட்டியில் போனதற்கு மட்டும் எலும்பு வளைந்தபடியே இறுகிவிட்டது. முதல் நாள் குந்தியபோதே கொண்டுபோயிருந்தால் நிமிர்ந்திருக்கலாம் என்றார் வைத்தியர். நான் அக்காவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

பங்கு பிரிக்கும்போது வாத்துகள் ஐந்து. உம்மும்மா, "மூணு நீங்க எடுங்க. நல்லதாப் பாத்து எடுங்க" என்றார். அக்கா மூன்று எடுத்தார். அதில் ஒன்று அந்தக் கோணல்கால். நல்ல இரண்டையும் விற்று வகுப்புக்குக் கட்டினார்.

கோணல்கால் இன்னும் மேல் லயத்தில்தான் இருக்கிறது, முட்டையிடுகிறது. உடம்பின் பாரம் ஒரே காலில் விழுவதால் உள்ளங்கால் தடித்து, சில வேளை நடுவில் கறுப்பாகப் பொருக்குக் கட்டும். கவனிக்காவிட்டால் கிருமி புகுந்து சீழ் வைக்கும். இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் காலை வைத்து, துடைத்து, மருந்து தடவி, துணி சுற்றவேண்டும். வீங்கினால் நாமாகக் கீறாமல் வைத்தியரிடம் போகவேண்டும். சனிக்கிழமைகளில் வாத்தை மடியில் வைத்துக்கொள்வது அக்காவின் மகன். காலைத் திருப்பிப் பார்ப்பது நான்.