ஆடுபுலி: ஒரு திருத்தம்

நான்கு வருஷங்களுக்கு முன் நான் எழுதிய கவிதை ஒன்றை இனித் திருத்த முடியாது. அச்சாகிவிட்டது. படித்த முப்பது நாற்பது பேரில் இரண்டு பேர் கடிதமும் எழுதினார்கள். அதில் இருக்கும் பிழையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அச்சுப்பிழை அல்ல. யாப்புப் பிழையும் அல்ல. யாப்பு அதில் இல்லவே இல்லை.

கவிதை ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றியது. தறியில் கூலிக்கு உட்காரும் ஒரு பையன் எப்போதும் ஆட்டின் பக்கமே ஆடுகிறான். வைக்கப்பட்ட ஆடு, மற்ற ஆடுகள் எல்லாம் வந்து சேரும்வரை நகராமல் நிற்க வேண்டும். ஆகவே அவன் காத்திருக்கக் கற்கிறான். ஒருநாள் புலிகள் அடைபடும். கடைசி வரியில் அவன் விரலில் ஒரு பட்டு இழையையும் சுற்றிவிட்டிருந்தேன். கடிதம் எழுதிய இருவரும் அந்த இழையைத்தான் பாராட்டியிருந்தார்கள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உச்சிப் புள்ளி ஒன்றிலிருந்து நான்கு கோடுகள் விரிந்து இறங்கி அடிக்கோட்டைத் தொடும். நடுவே குறுக்காக மூன்று கோடுகள். அவற்றின் முனைகளை இணைத்துப் பக்கத்துக்கு ஒரு கோடு. கோடுகள் சந்திக்கும் இடங்கள் மொத்தம் 23. புலி 3, ஆடு 15. ஆட்டை முறைக்கு ஒன்றாக இறக்க வேண்டும். புலி முதல் முறையிலிருந்தே நகரலாம். ஒட்டி நிற்கும் ஆட்டைத் தாண்டி, அதே கோட்டில் காலியாக இருக்கும் புள்ளியில் குதித்தால் ஆடு வெட்டுப்பட்டது. 15 ஆடும் இறங்கிய பிறகுதான் ஆடுகள் நகரலாம். ஆட்டுக்கு வெட்டும் உரிமை கிடையாது. புலிகளுக்கு நகர இடமில்லாமல் செய்வது ஒன்றுதான் அதற்கு வழி.

தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் தரைக்கல்லில் இந்தக் கட்டம் கொத்தப்பட்டிருப்பதைக் காணலாம். காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த சிறு மண்டபத்திலும் ஒன்று இருந்தது. விளக்குக்கு ஆடு விட்டவன் பெயரையும், நிலம் எழுதிவைத்தவன் பெயரையும் கல்லில் எழுதிவைத்த ஊர் இது. தரையில் கட்டம் கொத்தியவன் பெயரை யாரும் எழுதவில்லை.

அந்தக் கட்டத்தில் என்னோடு ஆடியவன் எங்கள் வீட்டுத் தறியில் வேலை செய்த பையன். அவனுக்கும் எனக்கும் அப்போது பத்து வயது, 1998. இதைக் கவிதையில் நான் சொல்லவில்லை. கவிதையில் தறி இருந்தது. அது யார் வீட்டுத் தறி என்பது இல்லை.

எங்கள் வீட்டு முன்கூடத்தில் இரண்டு குழித்தறிகள். அப்பா முதலாளி அல்ல. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். அப்பா நெய்து கூலி வாங்குவார். முதலாளியிடம் அவருக்கு முன்பணப் பாக்கி எப்போதும் உண்டு. அந்தப் பாக்கியில் ஒரு பகுதியைத்தான் அவர் அந்தப் பையனின் அம்மாவுக்கு முன்பணமாகக் கொடுத்திருந்தார். காஞ்சிப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் ஒவ்வோர் ஊடைக்கும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும், அதுதான் கோர்வை. அதற்கு மூன்று நாடா, இரண்டு ஆள். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளிவிடுவதற்குத்தான் பையன். அவன் கை ஒருமுறை பிந்தினால் அப்பாவின் கை நின்றுவிடும். "போடுடா, போடுடா" என்ற குரலைக் கேட்டபடிதான் நான் பள்ளிக்கூடத்துப் பாடங்களை மனப்பாடம் செய்தேன்.

அமாவாசையன்று தறி ஓடாது. மற்ற நாட்களில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் உண்டு. காலையில் தெரு எங்களுக்குக் கிடைக்காது. மூங்கில் கவைகளின்மேல் பாவை நீளத்துக்கு நீட்டி, இழை பிரித்துக்கொண்டிருப்பார்கள். அடியில் குனிந்து ஓடினால் உதை விழும். ஆகவே எங்களுக்கு மண்டபம். ஆடு என்பது கூழாங்கல். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த பாலாற்று மணலிலிருந்து அவன் பொறுக்கிச் சேர்த்தவை. புலி என்பது ஓட்டாஞ்சில்லு, என்னுடையது.

வீட்டில் அவன் என்னைத் "தம்பி" என்பான். "தம்பி, நகர்ந்துக்கோங்க" என்று மரியாதை சேர்த்துப் பேச அவன் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். மண்டபத்துப் படியேறியதும் "டேய்" என்பான். இந்த மாற்றத்தை நாங்கள் பேசி முடிவு செய்யவில்லை. படியிறங்கும்போது மறுபடியும் தம்பி.

ஒருநாள் அதிகாரிகள் வந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. நெசவு அதன் பட்டியலில் இருந்தது. சொந்தக் குடும்பத்தார் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்கு விலக்கும் இருந்தது. முன்பணத்துக்கு ஆளைக் கட்டிப்போடுவதைத் தடுக்கும் சட்டம் அதற்கும் பத்து வருஷம் மூத்தது. எங்கள் தெருவுக்கு இவற்றில் அந்த விலக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது. வந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இந்தப் பையன் யாரு?" நான் தடுமாறாமல் சொன்னேன்: "எங்க அத்தை பையன் சார்." யாரும் என்னை அடித்துச் சொல்லவைக்கவில்லை. அம்மா முதல்நாள் ஒருமுறைதான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அன்று மத்தியானம் மண்டபத்தில் அவன் கல்லை எடுத்துக்கொண்டு சிரித்தான். "ஆடு மச்சான்" என்றான். அத்தை பையன் என்றால் மச்சான் முறைதானே. அதிலிருந்து மூன்று வருஷம், கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம், நான் அவனுக்கு மச்சான். என் பொய்யை அவன் விளையாட்டாக்கிக்கொண்டான். வேறு என்ன செய்திருக்க முடியும் என்பது இப்போது கேட்கிற கேள்வி. அப்போது இருவருமே வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அவன் நன்றாக ஆடுவான். முதலில் ஓரப் புள்ளிகளை நிரப்புவான். தாண்டிக் குதிக்க அப்பால் இடமில்லாததால் ஓரத்து ஆடு பத்திரம். நடுவில் ஓர் ஆட்டை வேண்டுமென்றே கொடுத்து என் புலியை இழுப்பான். கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வைக்காமலே இருப்பான். நான் அவசரப்படுத்தினால், "இருடா" என்பான். ஓர் ஆட்டம் முடிந்தால் பக்கம் மாறுவதுதான் வழக்கம். அவன் மாற மாட்டான். எனக்கும் புலி பிடித்திருந்ததால் வற்புறுத்தவில்லை.

2001இல் வேறொரு தறிக்காரர் கூடுதலாக முன்பணம் கொடுத்து, எங்கள் பாக்கியைத் தீர்த்து, அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் படித்தேன், பி.ஏ. ஆங்கிலம் முடித்தேன், பரீட்சை எழுதி வங்கிக் குமாஸ்தா ஆனேன்.

விளையாட்டைப் பற்றிப் பேச வரும்போது நம்மில் பலர் காம்யுவை அழைத்துக்கொள்கிறோம். அல்ஜியர்ஸில் பல்கலைக்கழகக் கிளப்பின் இளையோர் அணியில் கோல்காத்தவர். 1930இல் காசநோய் வந்து ஆட்டம் நின்றது. ஒழுக்கத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கால்பந்தில் கற்றது என்ற பொருளில் பின்னால் எழுதினார். அது தன் ஆட்டத்தைப் பற்றி ஒருவன் சொல்லிக்கொண்டது. மற்றவன் ஆடுவதைப் பார்த்து, 'அவன் இன்னது கற்றான்' என்று எழுதுவது வேறு காரியம். இந்த வித்தியாசம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

ஹாய்சிங்கா 1938இல் வெளியிட்ட ஹோமோ லூடன்ஸில் விளையாட்டை இஷ்டப்பட்டுச் செய்யும் செயல் என்றார். தனக்கென்று எல்லையிட்ட இடமும் நேரமும் கொண்டது, லாபம் கருதாதது, பண்பாட்டுக்கும் முந்தியது என்றார். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று எண்ணும்போது செல்வத்தோடும் அறிவோடும் கலவியோடும் விளையாட்டையும் வைக்கிறார். விளையாட்டைச் செல்வத்துக்குச் சமமாக வைத்த இந்தப் பட்டியல் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அதில் பயன் என்ற பேச்சே இல்லை. பொறுமை வளரும், குழு மனப்பான்மை வளரும் என்று அவர் சொல்லவில்லை. உவகை பிறக்கும், அவ்வளவுதான். 'என்ன கற்றாய்' என்று கேட்பது பள்ளிக்கூடத்தின் பழக்கம். கவிதையைப் பார்த்து 'என்ன செய்தி' என்று கேட்பவர்களோடு நாம் இத்தனை வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு பையனின் விளையாட்டைப் பார்த்து அதே கேள்வியை நான் கேட்டிருக்கிறேன்.

ஆட்டத்தின் ஏற்றத்தாழ்வுதான் என்னை அப்படி இழுத்தது என்று தோன்றுகிறது. சதுரங்கத்தில் ஆளுக்கு 16 காய். இருபுறமும் ஒரே படை. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது வேட்டி கட்டிய குதிரைத் 'தம்பி' ஊரெங்கும் கைகூப்பி நின்றது. 2024இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது வங்கியில் எல்லோருக்கும் லட்டு கிடைத்தது. சமமானவர்கள் மோதுவதில் ஒரு கௌரவம் இருக்கிறது. ஆடுபுலியிலோ தொடக்கத்திலிருந்தே படைகள் வேறு, உரிமைகள் வேறு, வெற்றி என்பதன் அர்த்தமும் வேறு. நேபாளத்தில் இதற்கு உறவான பாக்சால் என்ற ஆட்டத்தில் 4 புலி, 20 ஆடு. இரு தரப்பும் பிழையில்லாமல் ஆடினால் அது யாருக்கும் வெற்றியில்லாமல் முடியும் என்று கணினியைக் கொண்டு நிறுவிய ஆய்வு 2009இல் வெளியானது. இப்படிப்பட்ட அமைப்பைக் கண்டால் உருவகம் தேடும் மனம் சும்மா இருக்குமா? புலி முதலாளி, ஆடு கூலி. அப்பா யார்? முதலாளிக்கு ஆடு, அந்தப் பையனுக்குப் புலி. இந்தச் சிக்கல் வந்ததால்தான் அப்பாவைக் கவிதையிலிருந்து எடுத்துவிட்டேன். அப்பாவை எடுத்தபோது நானும் வெளியே வந்துவிட்டேன். வசதியாக இருந்தது.

போன ஐப்பசியில் அவன் வங்கிக்கு வந்தான். நகைக்கடன் தவணை தாண்டியவர்களுக்கு ஏல அறிவிப்பு அனுப்புவது என் வேலைகளில் ஒன்று. அவன் பெயருக்குப் போன உறையை ஒட்டியவன் நான்தான். ஒட்டும்போது முகம் ஞாபகம் வரவில்லை. கடைசி நாளில் வட்டியைக் கட்டிக் கடனைப் புதுப்பிக்க வந்திருந்தான். தறியை விட்டுப் பத்து வருஷமாகிறதாம். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. கம்பெனி பஸ் விடிவதற்கு முன் வந்துவிடும். இரண்டு பெண் குழந்தைகள், இருவரும் படிக்கிறார்கள்.

"சார், நீங்க அந்த வீட்டுத் தம்பிதானே?" என்று அவன்தான் கேட்டான்.

"வாங்க, உட்காருங்க" என்றேன்.

படிவம் நிரம்பும்வரை ஐந்தாறு நிமிஷம் இருந்தது. கவிதையைப் பற்றி நான் சொல்லவில்லை. அவனிடம் சொல்ல முடியாத கவிதை அது என்பது அப்போதே உறைத்தது. ஆனால் கேட்டேன்: "மண்டபத்துல ஆடுவோமே, ஏன் எப்பவுமே நீங்க ஆட்டுப் பக்கம்?"

அவன் யோசிக்கக்கூட இல்லை. "புலி ஓட்டாஞ்சில்லு சார். ஆடு நான் பொறுக்கின கல்லு. கையில வெச்சிருந்தா சில்லுன்னு இருக்கும்ல."

அவ்வளவுதான் காரணம். காத்திருத்தல் இல்லை, வர்க்கம் இல்லை, அடைபடும் புலிகள் இல்லை. எனக்கு உடனே ஞாபகம் வந்தது: வைப்பதற்கு முன் கல்லைக் கன்னத்தில் ஒற்றிக்கொள்வான். காலையிலிருந்து தறிக்குழியருகே புழுக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தவன். மூன்று வருஷம் நான் எதிரே இருந்து பார்த்த விஷயம் இது. கவிதை எழுதும்போது வரவே இல்லை. நகர முடியாத ஆடு வந்தது. குளிர்ந்த கல் வரவில்லை.

கல்லை வைக்காமல் வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தானே, அது "போடுடா" என்று யாரும் சொல்லாத ஒரே இடம் என்பதால்தான் என்று இப்போது எழுதத் தோன்றுகிறது. உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவன் அப்படிச் சொல்லவில்லை. கல் சில்லென்று இருந்தது என்றுதான் சொன்னான். அந்த வீட்டின் கூலிக் கணக்கில் சேராத ஒன்று அவனுக்கு இருந்தது. ஒரு கவிதைக்காக அதையும் நான் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டேன். திருத்தம் என்று சொன்னது இதைத்தான்.

விளையாட்டிலிருந்து எனக்குக் கிடைத்த பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், அது நான் ஆடாத ஆட்டத்தில் இருக்கிறது. ஒருமுறையாவது பக்கம் மாறி, அந்தக் கற்களைக் கையில் வாங்கியிருக்கலாம். அவன் கொடுத்திருப்பானா என்பது வேறு விஷயம். நான் கேட்கவில்லை.

ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான். "வரேன் சார்" என்றான். மச்சான் என்ற சொல் வாய்வரை வந்தது. மேலே பலகையில் அடுத்த டோக்கன் எண் மாறியிருந்தது. "சரிங்க" என்றேன்.