மேடாரத்துப் பயணத்தைத் திட்டமிடுதல்
தெலங்கானாவின் முலுகு மாவட்டக் காட்டூரான மேடாரத்தில், கோயா பழங்குடியினர் ஈராண்டுக்கு ஒருமுறை மாக மாதப் பௌர்ணமியை ஒட்டி நான்கு நாள் நடத்தும் சம்மக்கா சாரலம்மா ஜாத்திரை, அதாவது திருவிழா, நிலவின் கணக்கைப் பின்பற்றுவதால், நாள் அறிவிக்கப்பட்ட பின்னரே வாரங்கல் வரையிலான ரயில் பயணத்தை முடிவுசெய்வது நல்லது. காகதிய அரசர்களை எதிர்த்துப் போரிட்டவர்களாக மரபு போற்றும் தாய் சம்மக்காவுக்கும் மகள் சாரலம்மாவுக்கும் சிலை கிடையாது. இரண்டாம் நாள் சிலகலகுட்டா குன்றிலிருந்து கோயா பூசாரிகள் சுமந்துவரும் 'குங்கும பரணி' எனப்படும் குங்குமச் சிமிழே சம்மக்காவாக மேடையேற, பக்தர்கள் 'பங்காரம்', தெலுங்கில் பொன், என்றே அழைக்கும் வெல்லத்தைத் தம் எடைக்கு நிகராகப் படைக்கின்றனர். குன்றின் மேல் நிகழும் சடங்கு பூசாரிகளுக்கே உரியது. கேமராவுடன் செல்வோர் அந்த எல்லையை மதித்து அடிவாரத்திலேயே காத்திருத்தல் வேண்டும்.