தாதாக்களுக்கு வீடு கொடுத்தவர்

1998 ஜூலையில் வெளியான 'சத்யா' இந்திப் படத்தில் பீகு மாத்ரே என்ற மும்பை தாதா, வெளியே ஆளைத் தீர்த்துக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் மனைவி ப்யாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். அவனும் பதிலுக்குக் கத்துவான். அடுத்த நிமிடம் இருவரும் சிரிப்பார்கள். இந்தி ரசிகர்களுக்கு இது புதிது. அதுவரை அவர்கள் பார்த்த பெரும்பாலான தாதாக்கள் பளபளக்கும் கோட்டு போட்டுக்கொண்டு, பெரிய மாளிகையில் அடியாட்கள் சூழ உட்கார்ந்து கட்டளையிட்டவர்கள். அவர்கள் எங்கே சாப்பிட்டார்கள், யாருக்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியாது. தாதாவுக்கு ஒரு வீடு கொடுத்தவர் ராம்கோபால் வர்மா.

அவருடைய பாணி மும்பையில் பிறந்ததல்ல. விஜயவாடாவில் இன்ஜினீயரிங் படித்து, ஐதராபாத்தில் வீடியோ கடை நடத்தியவர் வர்மா. 1989இல் வந்த முதல் தெலுங்குப் படமான 'சிவா'விலேயே அவருடைய வழக்கங்கள் பலவும் தென்பட்டன. இளையராஜா இசையில் 'உதயம்' என்ற பெயரில் தமிழ் பேசி வந்ததும் இந்தப் படம்தான். நாகார்ஜுனா சைக்கிள் செயினை உருவி எடுத்து அடித்த அடி இன்றும் பேசப்படுகிறது. ஓடுபவனின் பின்னாலேயே குலுங்காமல் ஓடும் ஸ்டெடிகாம் காமிரா, நீண்ட அமைதிக்கு நடுவே பொட்டென்று வெடிக்கும் வன்முறை, பாட்டைவிட முக்கியமான பின்னணி ஓசை எல்லாம் அதில் இருந்தன. கல்லூரி ரவுடியாக அறிமுகமான ஜே.டி. சக்ரவர்த்திதான் ஒன்பது ஆண்டுகள் கழித்து சத்யாவானார்.

'சத்யா'வில் இந்த உத்திகளுக்கு வேலை இருந்தது. காமிரா சந்துபொந்துகளில் ஆட்களோடு இடித்துக்கொண்டு போனது, நிழல் உலகம் அடுத்த வீட்டில்தான் இருக்கிறது என்று காட்டத்தான். பீகுவின் மரணத்துக்கு முன்னறிவிப்பு கிடையாது. தேர்தல் வெற்றிக் கொண்டாட்டத்தின் நடுவே, கூட இருந்த அரசியல்வாதியே சுட்டுத் தள்ளுகிறான். அந்தத் தொழிலில் சாவு அப்படித்தான் வரும் என்று படம் சொல்கிறது. கதாநாயகன் எந்த ஊர்க்காரன், என்ன சாதி என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. பிழைக்க வருகிறவனின் பூர்வீகத்தை மும்பை கேட்பதில்லை என்ற உண்மை அதில் இருந்தது. சௌரப் சுக்லாவும் அனுராக் காஷ்யபும் எழுதிய அந்தப் படத்தில் ஆட்கள் பேசியது தெருவில் கேட்கும் பேச்சு.

2002இல் வந்த 'கம்பெனி' இதே உலகத்தை ஒரு வியாபார நிறுவனமாகப் பார்த்தது. ஹாங்காங்கில் ஒருவன், கென்யாவில் ஒருவன். நடுவே டெலிபோன், அதன் வழியாக உயிர்கள் கைமாறும். மோகன்லால் நடித்த போலீஸ் அதிகாரி சீனிவாசன் நிதானமாக யோசிக்கிற தென்னிந்தியர். மும்பை போலீசில் பணியாற்றிய தமிழரான டி. சிவானந்தனின் சாயல் அந்தப் பாத்திரத்தில் இருப்பதாகச் சொல்லப்படுவதுண்டு.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 'காட்ஃபாதர்' படத்துக்கு வெளிப்படையாக நன்றி சொல்லித் தொடங்கிய 'சர்க்கார்' (2005) வசூலில் வென்றது. அமிதாப் பச்சன் சாசரில் ஊற்றி டீ குடிப்பதைக்கூடக் காமிரா பயபக்தியோடு பார்த்தது. பாதி முகம் இருட்டில், மீதி முகம் திரை முழுக்க. பின்னணியில் 'கோவிந்தா' கோஷம். பால் தாக்கரேயை நினைவூட்டும் சுபாஷ் நாக்ரேவுக்கு வீடு, மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளை எல்லாம் உண்டு. அவருக்கு எதிராகச் சதி செய்கிறவர்கள் யார்? துபாய் தொடர்புள்ள ரஷீத், காவி உடுத்திய ஒரு சாமியார், தென்னிந்தியத் தாதா செல்வர் மணி. மணியாக நடித்தவர் தெலுங்கு நடிகர் கோட்டா சீனிவாச ராவ். பெயரில் மட்டும் தமிழ் வாசனை. இவர்களில் யாருக்கும் வீட்டில் திட்டுவதற்கு ஒரு ப்யாரி இல்லை. பெயரும் பேச்சின் தொனியும் உடையுமே அவர்களை வில்லனாக்கப் போதுமானவையாகின்றன.

1966இல் தொடங்கிய சிவசேனை முதலில் குறிவைத்தது மும்பையில் வேலைபார்த்த தென்னிந்தியர்களைத்தான். அந்த நகரத்தின் கதையில் ஒரு மதராஸி வில்லனை வைப்பது, தாராவியிலும் மாதுங்காவிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அல்ல. தமிழிலேயே இதற்கு மாற்று இருந்தது. மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) தாராவித் தமிழனின் வீட்டுக்குள் போய்ப் பார்த்தது. அந்த வேலையை இந்தியில் செய்தவரே பின்னர் வாசலில் நின்று முத்திரை குத்தினார்.

பெண்களின் கதியும் அதேதான். 'சத்யா'வின் வித்யா, காதலனின் தொழில் கடைசிவரை தெரியாத அப்பாவி. ப்யாரிக்குக் கிடைத்த நாக்கும் கோபமும் வர்மாவின் பிற்காலத் தாதா படங்களில் அதிகம் பேருக்குக் கிடைக்கவில்லை.

உள்ளே சொல்ல விஷயம் குறையக் குறைய, வெளியே காமிராவின் ஆட்டம் கூடியது. 'டிபார்ட்மென்ட்' (2012) படத்தில் சிறு காமிராக்களை நடிகர்களின் உடம்பிலேயே கட்டிப் படமெடுத்தார்கள். பார்த்தவர்களுக்குத் தலைசுற்றல்தான் மிச்சம். 'சர்க்கார்' மூன்றாம் பாகம் 2017இல் வந்தபோது இருட்டும் கோஷமும் பழகிப்போய், முகங்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

2025 ஜனவரியில் 'சத்யா' மீண்டும் தியேட்டர்களுக்கு வந்தது. அதைத் திரும்பப் பார்த்துக் கண்ணீர் விட்டதாகவும், வெற்றியும் கர்வமும் தன்னைத் திசைதிருப்பிவிட்டதாகவும் வர்மாவே பகிரங்கமாக எழுதினார். கௌரவமான ஒப்புதல்தான். ஆனால் கர்வத்தோடு கணக்கு முடிந்துவிடவில்லை. கர்வம் கெடுத்தது அவருடைய படங்களை. முத்திரைகள் தொட்டது படம் பார்க்க வந்த மனிதர்களை.

இன்று தாதா படம் எடுக்கும் இளைஞர்கள் வர்மாவிடம் காமிராக் கோணங்களைக் கடன் வாங்குகிறார்கள். கடன் வாங்க வேண்டியது வேறொன்று. ஹீரோவின் வீட்டுக் கதவைத் தட்டிய அதே ஆர்வத்தோடு, செல்வர் மணியின் வீட்டையும் ஒருமுறை விசாரித்துப் பார்த்திருக்கலாம்.