ஸ்லைடர் வாங்கிய கதை

சென்ற மாதம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தம் ஊர்க் கோயில் மண்டபத்துத் தூண்களைப் படம்பிடிக்கப் போவதாகவும், அதற்காக மோட்டார் பொருத்திய ஸ்லைடர் ஒன்று வாங்க எண்ணியிருப்பதாகவும், எதை வாங்கலாம் என்றும் கேட்டார். ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவும் தொடங்கினேன். பாதியில் பேச்சு நின்றுவிட்டது. அந்தக் கருவியைப் பற்றிப் பேச வாயெடுத்தாலே கும்பகோணத்து அச்சகம் ஒன்றில் ஆயுள் முழுக்க அச்சுக்கோத்த பெரியவர் ஒருவர் என் நினைவில் வந்து நின்றுவிடுகிறார். அவரைச் சொல்லாமல் ஸ்லைடரைப் பற்றி என்னால் நேர்மையாக எதுவும் சொல்ல இயலாது. ஆகவே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவைத்தேன்.

ஸ்லைடர் எளிமையான கருவிதான். இரண்டு உலோகக் குழாய்கள் தண்டவாளம்போல இணையாக ஓடும். அவற்றின்மீது ஒரு சிறு வண்டி. வண்டியின் மேல் காமிரா. ஒரு முனையில் இருக்கும் மோட்டார் பல்வைத்த பெல்ட்டை இழுக்க, வண்டி நாம் சொன்ன வேகத்தில், சொன்ன தூரத்துக்கு, அதிர்வின்றி நகரும். கைப்பேசியிலிருந்தே அதை ஓடவும் நிற்கவும் வைக்கலாம்.

காமிராவை நகர்த்தும் ஆசை சினிமா அளவுக்கே பழையது. லூமியே சகோதரர்களின் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் ப்ரோமியோ 1896இல் வெனிஸ் நகரத்துக் கால்வாயில் ஒரு படகில் காமிராவை வைத்துக் கரையோர மாளிகைகளைப் படம்பிடித்தார். 1914இல் வெளிவந்த ‘கபிரியா’ என்ற இத்தாலியப் படத்தில் ஜொவான்னி பாஸ்த்ரோனே சக்கரம் வைத்த மேடையில் காமிராவை ஏற்றி, பிரம்மாண்டமான அரங்குகளுக்குள் மெல்ல ஊர்ந்து செல்ல வைத்தார். அன்று அதற்கு ஆட்கள் வேண்டியிருந்தார்கள். இன்று தோள்பையில் அடங்கும் ஒரு கருவி போதும். தனியாளாக ஆவணப்படம் எடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது வரம்தான். வரங்களுக்கு வழக்கமாக உள்ள சிக்கல் இதற்கும் உண்டு.

என் முதல் கவிதைத் தொகுப்பு 1994இல் அந்த அச்சகத்தில்தான் உருவானது. 48 பக்கங்கள். ஒவ்வொரு எழுத்தையும் பெரியவர் கையால் எடுத்துக் கோத்தார். ஓரிடத்தில் நான் விட்டிருந்த ஒற்றுப்பிழையைக் கேட்காமலேயே திருத்திவிட்டு, “கவிதைங்கறதால வேணும்னே விட்டுட்டீங்களோன்னு யோசிச்சேன். அப்புறம் இல்லேன்னு பட்டுது” என்றார். பிறகு கணினி வந்தது, சிற்றிதழ்கள் போயின, புத்தகங்கள் போயின. கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் ரசீதுப் புத்தகமுமாகக் கொஞ்ச காலம் ஓடியது. 2022இல் கட்டடத்தை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எடுத்துவந்ததை வீட்டில் போட்டுப் பார்த்தால் எல்லாமே ஆடியிருந்தது. ஐம்பதைக் கடந்தவனின் கை. அன்றிரவுதான் ஸ்லைடர் வாங்க முடிவு செய்தேன்.

வாங்கும்போது நான் கற்றவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முதலாவது நீளம். 80 சென்டிமீட்டர் என்று எழுதியிருந்தால் காமிரா 80 சென்டிமீட்டர் நகராது. வண்டியே 15 சென்டிமீட்டரைப் பிடித்துக்கொள்ளும். மிஞ்சுவது 65தான். இரண்டாவது எடை. காமிரா, லென்ஸ், அதன்கீழ் மாட்டும் தலைப்பகுதி மூன்றையும் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோவைத் தாண்டியது. கருவி தாங்கும் என்று அறிவிக்கப்படும் எடை பெரும்பாலும் தட்டையாக வைத்தால் மட்டுமே பொருந்தும். சாய்த்து வைத்து மேலேற்றினால் மோட்டார் திணறும். ஆகவே நம் தேவையைப் போல இருமடங்கு தாங்குவதை வாங்குவது நல்லது. மூன்றாவது வேகம். எவ்வளவு வேகமாக ஓடும் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது எவ்வளவு மெதுவாக ஓடும் என்பது. கிளம்பும்போதும் நிற்கும்போதும் குலுங்காமல், வேகம் படிப்படியாக ஏறி இறங்கும் வசதி இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். ரயில் வண்டி நிலையத்தைவிட்டுக் கிளம்புவது கண்ணுக்குத் தெரியாமல் கிளம்புமே, அப்படி. நான்காவது சத்தம். இதைக் கடையில் கேட்டுப் பார்க்கத் தவறினேன்.

கருவியோடு அச்சகத்துக்குப் போன முதல் நாள் முழுவதும் பிழைகள். ஒற்றை முக்காலியின் நடுவில் ஸ்லைடரைப் பொருத்தினேன். வண்டி ஓரத்துக்குப் போகப் போக அந்தப் பக்கம் தாழ்ந்து படம் சாய்ந்தது. இரு முனைகளிலும் இரண்டு முக்காலிகள் கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சரிசெய்த பிறகே நேரானது. சுவரில் மாட்டியிருந்த பழைய நாட்காட்டிகளைப் பக்கவாட்டில் நகர்ந்து எடுத்தேன். ஒன்றுமே நிகழவில்லை. நகர்வு தெரியவேண்டுமானால் அருகில் ஒரு பொருள் வேண்டும், தூரத்தில் ஒரு பொருள் வேண்டும். அருகிலிருப்பது விரைந்து கடக்க, தூரத்திலிருப்பது மெல்ல நகரும். அந்த வேறுபாட்டைத்தான் கண் ஆழம் என்று புரிந்துகொள்கிறது. டிரெடில் இயந்திரத்தின் சக்கரத்தை முன்னால் வைத்து அதே சுவரை எடுத்தபோது அறையே திறந்துகொண்டதுபோல இருந்தது. காமிராவின் அதிர்வு தடுக்கும் வசதியை அணைத்துவைக்கவேண்டும். இல்லையென்றால் வண்டியின் நகர்வையும் அதிர்வாக எண்ணி அது எதிர்த்து இழுக்கக்கூடும். குழல்விளக்கின் வெளிச்சத்தில் படம் துடிக்காமலிருக்க, நொடிக்கு 25 சட்டங்கள் எடுக்கையில் ஷட்டரை 1/50இல் நிறுத்தவேண்டும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் காரணம்.

எழுத்துப் பெட்டிகளை மறுநாள் எடுத்தேன். கேஸ் என்று அவர்கள் சொல்லும் மரத்தட்டுகள், ஒவ்வொன்றிலும் சின்னச் சின்ன அறைகள், அறைக்கோர் எழுத்து. அடிக்கடி வருபவை கைக்கெட்டும் இடத்திலும், அரியவை ஓரங்களிலும் இருக்கும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வேலையிழந்த பழைய ‘லை’, ‘னை’ முதலானவற்றின் அறைகளில் சொற்களுக்கு இடைவெளிவிடும் ஈயத்துண்டுகள் கிடந்தன. தட்டுக்கு இணையாக ஸ்லைடரை வைத்து, 65 சென்டிமீட்டரை 40 நொடியில் கடக்கும்படி அமைத்தேன்.

பெரியவர் கம்போசிங் ஸ்டிக்கைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி தானே கிளம்பிப் போவதைக் கண்டதும், “ஏன் தம்பி, நீங்க புடிக்க மாட்டீங்களா? அதுவாவே போவுதே” என்றார்.

“கை ஆடுது ஐயா.”

“எனக்கும்தான் ஆடுது. எழுத்த எடுக்கறப்ப மட்டும் ஆடாது.”

நான் சிரித்து வைத்தேன். ஈய எழுத்து ஸ்டிக்கில் விழும் ‘டக்’ என்ற சிற்றொலியோடு மோட்டாரின் முனகல் கலந்துவிடுவதுதான் அப்போது என் கவலையாக இருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஒலியைத் தனியாகப் பதிந்துகொண்டேன்.

கடைசி நாள் காயலான் கடைக்காரர் கோணிகளோடு வந்தார். எழுத்துகள் ஈயத்தின் எடைக்குப் போகின்றன. பெரியவர் ஒவ்வொரு தட்டாக எடுத்துக் கோணியில் கவிழ்த்தார். எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துபோவதுதான் அச்சகத்தில் நேரக்கூடிய ஆகப்பெரிய விபத்து. அன்று அவர் தம் கையாலேயே கலந்துகொண்டிருந்தார்.

நான் ஸ்லைடரை அவரை நோக்கி நீளவாட்டில் வைத்திருந்தேன். இப்படி வைக்கும்போது விரிந்த கோண லென்ஸ் என்றால் தண்டவாளத்தின் முனையே படத்தில் விழும். அதனால் 50 மில்லிமீட்டர் லென்ஸ். குவியம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் கடைசி நிலைக்குக் கணித்து வைத்தேன். நகர்வின் முடிவில் அவர் முகம் கூர்மையாகத் தெரியவேண்டும். பொத்தானை அழுத்தினேன். பாதி தூரம் போயிருக்கும். ஒரு தட்டிலிருந்து ஒரு கைப்பிடி எழுத்தை அள்ளியவர், அதைப் போடாமல் அப்படியே நின்றார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மோட்டாருக்கு அது தெரியாது. வண்டி அவரை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியும். நிறுத்தும் பொத்தான் என் கையில்தான் இருந்தது. நான் நிறுத்தவில்லை.

வீட்டில் பார்த்தபோது அந்தக் காட்சி அழகாக வந்திருந்தது. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. சன்னல் வெளிச்சம், முதிய கழுத்து, மெல்ல மெல்ல நெருங்கும் காமிரா. எத்தனையோ முறை போட்டுப் பார்த்தேன். பாதுகாப்புக்காகக் கைப்பேசி ஒன்றைச் சன்னல் விளிம்பில் நிறுத்தி ஓடவிட்டிருந்தேன். அதையும் பிறகு பார்த்தேன். அதில் அறை முழுவதும் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர்; அவரை நோக்கிச் சீராக ஊர்ந்துபோகும் ஒரு இயந்திரம்; மூலையில் அதைப் பார்த்தபடி நான்.

நம்மில் பலர் படித்திருக்கக்கூடிய விவாதம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. ஜில்லோ பொந்தேகோர்வோ எடுத்த ‘கபோ’ 1960இல் வெளியானது. நாஜி முகாமைப் பற்றிய படம். அதில் ஒரு கைதி மின்வேலியில் பாய்ந்து உயிர்விடுகிறாள். காமிரா அவளை நோக்கி முன்னகர்ந்து, அந்த உடலை இன்னும் பொருத்தமாகச் சட்டகத்தில் அமைத்துக்கொள்கிறது. சில நொடி நகர்வுதான். அதற்காகவே ழாக் ரிவெத் 1961இல் ‘கையே து சினிமா’ இதழில் அந்த இயக்குநரை மிகக் கடுமையாகக் கண்டித்தார். சாவை அழகுபடுத்த முடிவெடுத்தவன்மீது அவருக்கு இகழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. பொந்தேகோர்வோ இதயமற்றவர் அல்ல. பிற்பாடு 1966இல் ‘அல்ஜியர்ஸ் போர்’ போன்ற ஒரு படத்தைத் தந்தவர். செர்ஜ் தனே என்ற விமர்சகர் அந்தப் படத்தைப் பார்க்காமலேயே, ரிவெத்தின் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு தம் விமர்சன வாழ்வையே அமைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். இளம்வயதில் இதையெல்லாம் படித்தபோது சற்று மிகை என்றே எனக்குத் தோன்றியது. ஒரு நகர்வுக்கு இவ்வளவா?

எழுத்துக்கோப்பவர் ஒருவரின் துக்கத்தை முகாமின் கொடுமையோடு ஒப்பிடுவது தவறு. நான் ஒப்பிடவில்லை. ஆனால் பிழையின் வடிவம் ஒன்றுதான். அவர் நின்றார், நான் நிற்கவில்லை. கையில் பிடித்திருந்தால் நின்றிருப்பேன் என்றே நினைக்கிறேன். ஆடும் கைக்குத் தயங்கவும் தெரியும். நான் சீரான நகர்வை வாங்கும்போது அந்தத் தயக்கத்தையும் சேர்த்து விற்றுவிட்டேன்.

அந்தக் காட்சியை நீக்கினேன். அதன் இடத்தில், வண்டி கடைசிவரை போய் நின்றுவிட்ட பிறகு கைப்பேசியில் பதிவான பகுதியை வைத்தேன். தூரத்தில் அவர் சிறிதாகத் தெரிவார். கொஞ்ச நேரம் கழித்துக் கைப்பிடி எழுத்தைக் கோணியில் போடுவார். அவ்வளவுதான்.

படம் 11 நிமிடம். அவர் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியை வைத்துப் போட்டுக் காட்டினேன். பேசாமல் பார்த்தார். முடிந்ததும், “அன்னிக்கு மெஷின் கிட்ட வந்துச்சே, அது எங்க?” என்றார்.

“எடுத்துட்டேன் ஐயா.”

“ம்” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தக் கேஸ மறுபடி போடுங்க” என்றார்.

எழுத்துப் பெட்டிகளின் மீது காமிரா நகரும் அந்த 40 நொடியைப் போட்டேன். திரையின் வலது ஓரத்தில் ஒவ்வொரு அறையாக வர வர, விரலை நீட்டி ஒவ்வொன்றின் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஓர் அறையைக்கூட விடவில்லை. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. ஈயத்துண்டுகள் கிடந்த அறை வந்தபோது மட்டும், “இது பழைய லை” என்றார், அது இன்னும் அங்கேயே இருப்பதுபோல.

நண்பருக்கு என் பதில் இதுதான். 80 சென்டிமீட்டர் போதும். இரண்டு முக்காலிகள் வாங்குங்கள். சத்தத்தைக் கடையிலேயே கேட்டுப் பாருங்கள். தூண்களை எடுக்க அதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கல் உங்களுக்காகக் காத்திருக்கும், முகம் திருப்பாது. ஆனால் மண்டபத்தில் யாராவது வந்து ஒரு தூணில் சாய்ந்து உட்காரக்கூடும். அப்போது நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டியிருக்கக் கூடாது.