செபத்தை அளக்கும் கோல் உண்டா?

செபம் பலிக்குமா? பலிக்கும் என்றால் அதை அறிவியல் முறையில் சோதித்துக் காட்ட இயலுமா? நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள் இவ்விரு வினாக்களையும் இன்று வெளிப்படையாகவே எழுப்புகின்றனர். அவர்களை அதட்டி அடக்குவது எளிது. ஆனால் அடக்கப்பட்ட வினா மடிவதில்லை; உள்ளத்தின் மூலையில் ஒதுங்கியிருந்து, துன்பம் நேரும் வேளையில் மீண்டும் தலைதூக்கும். நெடுங்காலம் அறிவியல் ஆசிரியனாகப் பணியாற்றி, இப்போது மீமிசல் கடற்கரையில் ஓய்வில் வாழும் எனக்கு, இது ஏட்டில் படித்த வினா அன்று; என் குடும்பத்தின் கதவைத் தட்டிய வினா.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். திருக்குடும்பத் திருநாளும் அதுவே. காலை ஏறத்தாழ 6.30 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. சில மணி நேரத்தில் ஆழிப்பேரலை தமிழகக் கரையில் மோதியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் பேராலயத்தினுள் இருந்தோர் உயிர் பிழைத்தனர். கடற்கரையில் நின்ற யாத்திரிகர் பலர் அலைவாய்ப்பட்டனர். அப்படி நின்றவர்களுள் என் மூத்த அக்காளும் ஒருவர். செபமாலையை ஒருநாளும் விட்டறியாதவர். நேர்ச்சை செலுத்தவே அங்கு சென்றிருந்தார்.

அதே நாளில் எங்கள் பாக் நீரிணைக் கரையில் உயிரிழப்பு நாகையோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. "நம் வேண்டுதல் நம்மைக் காத்தது" என்று அயலார் நெஞ்சுருகிச் சொன்னார்கள். நன்றி கூற வேண்டியதுதான். ஆனால் அச்சொற்களை ஏற்றுச் சொல்ல என் நாவு எழவில்லை. எங்கள் வேண்டுதல் எங்களைக் காத்தது என்றால், அக்காளின் வேண்டுதல் என்னவாயிற்று?

நிலப்படத்தை விரித்தால் ஒரு விடை கிடைக்கும். கடலடியில் ஏற்பட்ட பிளவு வடக்குத் தெற்காக 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீண்டது. ஆகவே அலையின் பெருவலிமை கிழக்கிலும் மேற்கிலுமாகப் பாய்ந்தது. மேற்கே வந்த அலையை இலங்கைத் தீவு முதலில் தாங்கிற்று. அத்தீவின் மறைவில், ஆழமற்ற கடலை ஒட்டிக் கிடக்கிறது எங்கள் கரை. தீவைச் சுற்றி வளைந்து வந்த அலை வலுவிழந்தே இங்கு சேர்ந்தது. ஆனால் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்பிலும் முல்லைத்தீவிலும் மாண்டோருள் நம் மொழியிலேயே செபித்தவர்கள் எத்தனை பேர்! நமக்குக் கேடயமாக நின்றவர்களின் செபம் தோற்றது, நம்முடையது வென்றது என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

இனி, ஆய்வுக்கூடத்தின் பக்கம் செல்வோம். 1872ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ஒரு கணக்குப் பார்த்தார். அரச குடும்பத்தாருக்காக நாடெங்கும் ஆலயங்களில் மன்றாடுகிறார்களே, அவர்கள் நீண்ட காலம் வாழ்கிறார்களா என்று ஆராய்ந்தார். வசதி படைத்த வகுப்பினருள் அவர்களே குறைந்த ஆயுள் உடையோர் எனக் கண்டார். 1988ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ராண்டால்ப் பைர்ட், இதய நோயாளர் 393 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வை வெளியிட்டார். செபிக்கப்பட்டோருக்குச் சில சிக்கல்கள் குறைவாக இருந்தன. ஆயினும் இறந்தோர் தொகையில் வேறுபாடு தென்படவில்லை.

எல்லாவற்றிலும் பெரிய ஆய்வு, ஹெர்பர்ட் பென்சன் என்பவர் தலைமையில் நடைபெற்று 2006ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவைச் சிகிச்சை பெற்ற 1,802 நோயாளர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். கத்தோலிக்கத் துறவியர் உள்ளிட்ட குழுக்கள், பெயரைச் சொல்லி அவர்களுக்காக 14 நாட்கள் மன்றாடின. தமக்காகச் செபிக்கப்படுமோ என்று ஐயத்தில் இருந்தவர்களுள், செபம் பெற்றோரில் 52 விழுக்காட்டினருக்கும், பெறாதோரில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல் நேர்ந்தது. தமக்காகச் செபிக்கிறார்கள் என்று உறுதியாக அறிந்தவர்களிலோ 59 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது! "பிறரை அழைத்துச் செபிக்கும் அளவுக்கா என் நிலை மோசம்?" என்ற அச்சமே இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர்.

இம்முடிவுகளைக் கண்டு நாம் மருளவும் வேண்டாம்; மறைக்கவும் வேண்டாம். பைர்டைப் பாராட்டிவிட்டுப் பென்சனை ஒளிப்பது உண்மைக்கு அழகன்று. அதே வேளையில், ஆய்வின் எல்லையையும் உணர வேண்டும். ஒரு மருந்தைச் சோதிப்பவர், ஒரு சாராருக்குக் கொடுத்து மறுசாராருக்குக் கொடாமல் நிறுத்தி வைக்கலாம். செபத்தை எவ்வாறு நிறுத்தி வைப்பது? "செபம் பெறாதோர்" எனப் பிரிக்கப்பட்டவருக்காகவும் வீட்டில் ஒரு தாய் கண்ணீர் வடித்திருப்பாள்; பலிபீடங்கள்தோறும் திருச்சபை நோயாளர் அனைவருக்காகவும் மன்றாடியிருக்கும். மேலும், மருந்துக்கு மனம் இல்லை. செபமோ கொடுக்கவும் மறுக்கவும் உரிமையுள்ள தந்தையை நோக்கிய உரையாடல். தன் தாயின் அன்பைக் கணக்கேட்டில் எழுதிச் சோதிக்கும் மகன், அதற்குள் அந்த அன்பை விட்டு விலகியிருப்பான் அன்றோ?

புதுமைகளை ஆராய்வதில் திருச்சபை அறிவியலை அஞ்சி ஒதுக்குவதில்லை. லூர்து நகரில் 1883ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் குணமடைந்தோரை ஆராய்கின்றனர். குணம் பெற்றதாக அறிவித்தோர் 7,000க்கும் மேற்பட்டோர். 2018ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது 70ஆவது புதுமையே! நம் தமிழ் மண்ணின் தேவசகாயம் 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்படும் முன்னும், அவர் பரிந்துரையால் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட புதுமையை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். "மருத்துவம் இதை விளக்க இயலவில்லை" என்பதோடு மருத்துவர் பணி நிறைவுறுகிறது. அதற்கு அப்பால் பேசுவது விசுவாசம்.

அத்தேவசகாயமே 1752ஆம் ஆண்டில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எங்களுக்குத் தெற்கே ஓரியூரில் 1693ஆம் ஆண்டு புனித அருளானந்தரின் தலை வெட்டுண்டது. கெத்சமனித் தோட்டத்தில் நம் ஆண்டவர், துன்பக் கிண்ணம் அகல வேண்டுமென மன்றாடினார், அது அகலவில்லை. உயிர் பிழைப்பதுதான் செபத்தின் பலன் என்றால், சிலுவையே செபத்தின் தோல்வி ஆகிவிடும். நாம் கேட்பதால் இறைவன் மனம் மாறுவதில்லை. நம் செபத்தின் வழியாக அளிக்கச் சித்தங்கொண்டதையே அவர் அளிக்கிறார் என்பது புனித அக்குவினாஸ் தோமையாரின் விளக்கம்.

அக்காள் மறைந்த பின் அத்தான் பல மாதம் செபிக்க வாய் திறக்கவில்லை. நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை. அவர் அருகில் அமர்ந்து செபமாலை சொல்லிவந்தோம். ஒருநாள் அவர், அக்காள் சேர்த்து வைத்த பணத்தை எடுத்து, அலையில் பெற்றோரை இழந்த ஒரு சிறுமியின் படிப்புக்குக் கொடுக்கச் சொன்னார். எந்த ஆய்வேட்டிலும் இது பதிவாகாது. எனினும், எங்கள் செபம் கேட்கப்பட்டது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கடலிலிருந்து காக்கும்படி நம் மக்கள் தலைமுறைதோறும் மன்றாடினர். 2007ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்திலிருந்து ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை வழங்கப்படுகிறது. அறிஞர்களின் அறிவும் உழைப்பும் அம்மன்றாட்டுக்கு வந்த விடையின் ஒரு பகுதி எனக் கொள்வதில் தவறென்ன? எச்சரிக்கை கேட்டும் படகைக் கடலில் இறக்கிவிட்டுச் செபிப்பவன், இறைவனை நம்பவில்லை, அவரைச் சோதிக்கிறான்.

அன்புள்ள பெற்றோரே, பிள்ளைகள் இவ்வினாவைக் கேட்டால் சினவாதீர். நிலப்படத்தை விரித்துக் காட்டுங்கள். ஆய்வு முடிவுகளை ஒளியாமல் சொல்லுங்கள். பின்னர் அவர்களோடு முழந்தாளிடுங்கள். துயருற்ற இல்லத்துக்குச் சென்றால், "உங்கள் செபம் போதவில்லை" என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர். அவர்கள் அருகில் அமருங்கள். அவர்களால் சொல்ல இயலாத செபத்தை அவர்களுக்காக நீங்கள் சொல்லுங்கள்.