கைக்கு எட்டிய அலமாரி

சமையலறை அலமாரியை அழகுபடுத்துவது பற்றி எழுதுங்கள் என்று வாசகிகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும். யாருக்காக அழகு? கூடத்து அலமாரியில் பொம்மையும் புஸ்தகமும் அடுக்குகிறோம். அது வருகிறவர்கள் பார்ப்பதற்கு. சமையலறை அலமாரியோ ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை போய் வருகிற இடம். அங்கே கண்ணைவிடக் கைக்குத்தான் பாத்தியதை அதிகம். இந்த வழக்கில் நான் கையின் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழகே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, சகோதரிகளே. நம் பாட்டிமார்களுக்கு அந்த ஆசை நம்மைவிட அதிகம். சுவர் அலமாரித் தட்டுகளில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து, முன்னால் தொங்கும் ஓரத்தை நாலைந்தாக மடித்துக் கத்தரியால் நறுக்கிப் பிரிப்பார்கள். பூவும் முக்கோணமுமாகத் தோரணம் விழும். பண்டிகைக்குப் பண்டிகை தோரணம் மாறும். தட்டில் விரித்த தாளிலிருந்த பழைய தொடர்கதையை நின்றபடியே படித்துக் குழம்பைத் தீய விட்டவர்களும் உண்டு. பித்தளைச் சம்புடங்களுக்குப் பிறகு எவர்சில்வர் வந்தது, ஹார்லிக்ஸ் பாட்டில் வந்தது, மஞ்சள் டால்டா டின் வந்தது. எதையும் எறிய மனம் வராத வீட்டில் அலமாரியைப் பார்த்தே குடும்பத்தின் வம்சாவளியைச் சொல்லிவிடலாம்.

இப்போதைய மோஸ்தர் வேறு. ஒரே அளவில் 24 கண்ணாடி ஜாடிகள், மூங்கில் மூடி, கறுப்புச் சீட்டில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலப் பெயர். படத்தில் பார்த்தால் ஜோர்தான். பருப்புக்கும் அரிசிக்கும் கண்ணாடியால் பாதகமில்லை. ஆனால் வெளிச்சம் படுகிற இடத்தில் மிளகாய்ப் பொடியை வைத்துப் பாருங்கள். சிவப்பு நாளடைவில் வெளிறிப்போகும். மஞ்சளுக்கு நிறம் கொடுக்கும் குர்க்குமினும் வெளிச்சத்தில் சிதையக்கூடியதுதான். அயோடின் சேர்த்த உப்புக்கு வெளிச்சம், ஈரம், சூடு மூன்றுமே பகை. இவற்றையெல்லாம் மூடி போட்ட அஞ்சறைப் பெட்டியிலும் பீங்கான் ஜாடியிலும் வைத்திருந்தவர்களைக் கர்நாடகம் என்று சொல்லி என்ன பயன்?

பெயர்ச் சீட்டு என்றதும் ஒரு ஜெர்மன் கதை ஞாபகம் வருகிறது. 1926-ல் பிராங்க்பர்ட் நகரத்தின் புதுக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். எட்டி நடக்க வேண்டாம், வீணாகக் குனிய வேண்டாம் என்று அடி அடியாகக் கணக்கிட்டுச் செய்த அறை. அலுமினிய இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் இன்ன பண்டம் என்று பெயர். மாவுக்கு மட்டும், புழு அண்டாதிருக்க ஓக் மரத்தில் இழுப்பறை. ஏறக்குறைய 10,000 வீடுகளில் அந்தச் சமையலறை அமைந்தது. குடிவந்த பெண்களோ எழுதியிருந்த பெயரைச் சட்டை செய்யாமல் இஷ்டப்பட்டதை இஷ்டப்பட்ட இழுப்பறையில் போட்டுக்கொண்டார்கள்! அதை வடிவமைத்த காலத்தில் தமக்குச் சமையலே தெரியாது என்று அந்த அம்மையாரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். மகா கெட்டிக்காரர், ஆனாலும் அந்த வீட்டில் சமைக்கப் போகிறவளைக் கேட்காமல் அவளுடைய கடுகுக்கு எப்படி இடம் சொல்ல முடியும்?

மாம்பலத்தில் என் ஸ்நேகிதி ஒருத்தி இருக்கிறாள். வங்கியில் வேலை. போன வருஷம் அவள் சமையலறையைப் புதுப்பித்தாள். வீட்டில் மாமியார், வயது 74. க்ளாக்கோமாவினால் பார்வை ஓரங்களிலிருந்து தேய்ந்து தேய்ந்து, நடுவில் கொஞ்சம்தான் மிச்சம். ஆனால் பழைய அலமாரி இருந்த வரையில் அந்த அம்மாளுக்கு அது ஒரு குறையாகவே இருக்கவில்லை. மூடி நசுங்கின டப்பா துவரம்பருப்பு. கழுத்துக் குறுகின பாட்டில் கடுகு. பிடி ஆடுகிற தூக்கு சர்க்கரை. தொட்டால் ஜில்லென்றிருக்கும் பீங்கான் ஜாடி உப்பு. விரலால் தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு குரலில் பதில் சொல்லும். அவருக்குப் பார்வை எவ்வளவு மங்கியிருக்கிறது என்பது வீட்டில் பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது.

புது அலமாரியில் 24 ஜாடிகளும் தொடுவதற்கு ஒன்று போலவே இருந்தன. ரவையா, சர்க்கரையா? மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு வாரம் அப்படிப் பார்த்தார். பிறகு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வயதான காலத்தில் இப்பொழுதாவது ஓய்வு எடுத்துக்கொள்கிறாரே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஒரு நாள் சாயந்திரம் நான் போயிருந்தபோது ஸ்நேகிதி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் காப்பி போட்டுத் தர முடியலையேம்மா. இப்ப இந்த வீட்டிலே நானும் உன்னை மாதிரி வந்து போற மனுஷிதான்" என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஸ்நேகிதி வந்ததும் சொன்னேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் மாமியாரிடம் போய், "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

"நீ எவ்வளவு ஆசையா பண்ணியிருக்கே! அதுலே போய் நான் எப்படிக் குத்தம் சொல்றது?" என்றார் அவர்.

மருமகள் கொடுமைக்காரியும் அல்ல, மாமியார் பிடிவாதக்காரியும் அல்ல. இருவரும் நல்லவர்களாக இருந்தே ஒரு மனுஷி தன் அடுக்களையை இழந்துகொண்டிருந்தாள் என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து பழைய டப்பாக்கள் இறங்கின. சர்க்கரைத் தூக்கு பழைய பாத்திரக்காரனோடு போய்விட்டிருந்தது. மற்றவை பெரும்பாலும் இருந்தன. இடுப்பிலிருந்து கண் மட்டம் வரை உள்ள இரண்டு தட்டுகள் மாமியாருக்கு. கண்ணாடி ஜாடிகளில் சில அங்கேயே இருக்கின்றன. ரவை ஜாடியின் கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், சர்க்கரைக்கு இரண்டு. ஆங்கிலச் சீட்டுக்குப் பதில் பெரிய தமிழ் எழுத்து, மஞ்சள் தாளில் கறுப்பு மை. முக்கியமாக, எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது என்று பேரப்பிள்ளைகள் உட்பட எல்லாருக்கும் சட்டம்.

வெள்ளைச் சுவரில் வெள்ளைத் தட்டு எங்கே முடிகிறது என்பது அந்த அம்மாளுக்குத் தெரியவில்லை. டப்பாவைப் பாதி விளிம்பில் வைத்துவிடுவார். பார்வை மங்கியவர்களுக்கு அழுத்தமான நிற வேற்றுமை ரொம்ப உதவி. பேத்தி சிவப்பு வண்ணத் தாள் வாங்கி வந்தாள். எப்படி மடிக்க வேண்டும், எங்கே கத்தரி போட வேண்டும் என்று பாட்டி விரலால் தடவித் தடவிச் சொல்லிக் கொடுக்க, தட்டுக்குத் தட்டு சிவப்புத் தோரணம் ஏறியது. சாமான் விழுவது நின்றது. வருகிறவர்கள் இப்போது மூங்கில் மூடிகளை விட்டுவிட்டுத் தோரணத்தைத்தான் விசாரிக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்குத் தச்சர் படத்தோடு வந்தால், படத்தைப் பார்ப்பதற்கு முன் சமைக்கிறவரைச் சுவரோரம் நிற்க வைத்துக் கையை நீட்டச் சொல்லுங்கள். 5 அடி உயரமுள்ளவர் மேடைக்கு முன்னால் நின்று சிரமமில்லாமல் எடுக்கக்கூடியது ஐந்தரை அடி, மிஞ்சினால் ஆறடி. அதற்கு மேலே உள்ள தட்டு முறுக்கு அச்சுக்கும் பெரிய அண்டாவுக்கும் போதும். தினப்படி எடுக்கிற கனமான டப்பா அங்கே ஏறினால் முக்காலியும் ஏறும், ஒரு நாள் இடுப்பும் முறியும். அடுப்புக்கு நேர் மேலே மசாலாத் தட்டு வேண்டாம். ஆவியில் பொடி கட்டி தட்டும்.

மாம்பலத்து வீட்டில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இன்னும் சமாதானம் ஏற்படவில்லை. காப்பிப் பொடி டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும் என்கிறாள் மருமகள். பில்டருக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்கிறார் மாமியார். தினமும் அது இரண்டு தடவை இடம் மாறுகிறது. எனக்கு அங்கே காப்பி கிடைத்துக்கொண்டிருப்பதால் நான் தலையிடவில்லை.